படபடப்பு மாத்திரையின் பேரேடு

மாரடைப்பு வந்து பிழைத்தவர்கள் 1,498 பேர். எல்லோருக்கும் இதயம் நடுநடுவே முந்திக்கொண்டு ஒரு துடிப்பு அடிக்கும் கோளாறு இருந்தது. அப்படி முந்தியடிக்கும் இதயம் திடீரென்று நின்றுபோகும் ஆபத்து அதிகம் என்பது 1980களிலேயே தெரிந்த செய்தி. முந்தும் துடிப்பை மாத்திரையால் அடக்கிவிட்டால் உயிர் தப்பும் என்பது டாக்டர்களின் கணக்கு. அமெரிக்காவில் அந்தக் கணக்கைச் சரிபார்க்க நடந்த ஆய்வின் சுருக்கப் பெயர் ‘காஸ்ட்’. 755 பேருக்கு என்கைனைடு அல்லது ஃப்ளெகைனைடு கொடுத்தார்கள். 743 பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. சராசரியாகப் பத்து மாதம் போனது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 26 பேர் இறந்திருந்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 63 பேர்.

நூற்றுக்கு 3.5 எங்கே, 8.3 எங்கே. 1989இல் இரண்டு மருந்துகளையும் ஆய்விலிருந்து எடுத்துவிட்டார்கள். இதில் கூர்ந்து பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. இந்த 1,498 பேரும், மாத்திரை போட்டதும் துடிப்பு அடங்குகிறது என்று முன்கூட்டியே சோதித்துப் பார்த்த பிறகு சேர்க்கப்பட்டவர்கள். மருந்து ‘வேலை செய்தது’. பதிவுத் தாளில் கோடு ஒழுங்காக ஓடியது. ஆள்தான் போய்விட்டார்.

இதே கதை திரும்பவும் நடந்தது. 1996இல் வெளிவந்த டி-சோட்டலால் ஆய்வில் 3,121 பேர். மருந்துத் தரப்பில் 78 மரணம், வெற்று மாத்திரைத் தரப்பில் 48. 2011இல் டிரோனெடரோன்: நிரந்தரமாகத் துடிப்பு தவறிப்போன 3,236 பேரில் மருந்துத் தரப்பில் 25 பேர், மறு தரப்பில் 13 பேர் இறந்ததும் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

ஆகவே துடிப்பு மாத்திரைக்குப் பேரேடு எழுதுகிறவர் முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். ‘படபடப்பு குறைந்தது’, ‘ஈசிஜி நேரானது’ என்பதை மட்டும் வைத்து வரவுப் பக்கத்தை நிரப்ப முடியாது. உயிர், பக்கவாதம், ஆஸ்பத்திரியில் படுத்த நாள், ரத்தக்கசிவு ஆகிய நான்கு பத்திகளையும் சேர்த்துக் கூட்டினால்தான் லாபமா நட்டமா என்று தெரியும்.

இதனால் ஃப்ளெகைனைடு விஷம் என்று ஆகிவிடாது. தழும்பு விழுந்த இதயத்துக்கு ஆகாதது, கட்டமைப்பு நன்றாக இருக்கும் இதயத்துக்கு ஆகும். 2004இல் இத்தாலியில் 268 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். படபடப்பு வந்தால் மட்டும், சட்டைப்பையில் வைத்திருக்கும் ஃப்ளெகைனைடையோ புரோபஃபெனோனையோ ஒரே வேளை போட்டுக்கொள்ளும் முறை. முதல் வேளையை ஆஸ்பத்திரியிலேயே கொடுத்துப் பார்த்ததில் 58 பேருக்கு இது சரிவராது என்று தெரிந்து விலக்கிவிட்டார்கள். மிஞ்சிய 210 பேரில் 165 பேருக்குப் பின்னாளில் படபடப்பு வந்தது. வீட்டில் 569 தடவை மாத்திரை போட்டதில் 534 தடவை அடங்கியது, சராசரியாக 113 நிமிடத்தில். பக்கத்து வீட்டுக்காரருக்கு இந்த முறை கேட்டது என்று அவருடைய மாத்திரையை வாங்கிப் போட நினைப்பவர் அந்த 58ஐ ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்: எக்கோ எடுத்து, டாக்டர் தேர்ந்தெடுத்தவர்களிலேயே ஐந்தில் ஒருவருக்கு மேல் ஒத்துவரவில்லை.

தாறுமாறாகத் துடிப்பதில் பல வகை உண்டு. அதிகமாகக் காணப்படுவது ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் என்பதால் இனி அதன் கணக்கு. நிமிடத்துக்கு 72 என்று வைத்தால் ஒரு நாளைக்கு இதயம் 1,03,680 தடவை துடிக்கிறது. இந்தக் கோளாறில் மேலறைகள் துடிப்பதை விட்டு நடுங்கத் தொடங்கும், நிமிடத்துக்கு 350 முதல் 600 தடவை. நடுவில் இருக்கும் முடிச்சு பெரும்பகுதியைத் தடுத்து மிச்சத்தைக் கீழறைக்கு அனுப்பும். நமக்குத் தெரியும் படபடப்பு அந்த மிச்சம்தான். படபடப்பைவிடப் பெரிய செலவு வேறிடத்தில் இருக்கிறது. நடுங்கும் மேலறையில் ரத்தம் தேங்கி உறைகிறது. உறைந்த துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம். அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊரில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் ஆய்வு, இவர்களுக்குப் பக்கவாத ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று கணித்தது.

அப்படியானால் சிகிச்சைக்கு மூன்று செலவினங்கள்: வேகத்தைக் குறைக்கும் மாத்திரை, தாளத்தை நேராக்கும் மாத்திரை, ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் மாத்திரை. நோயாளிகள் முதல் இரண்டை மதிக்கிறார்கள், ஏனென்றால் அவை பலன் தருவது உடம்பில் தெரிகிறது. மூன்றாவது போட்டாலும் ஒன்றும் தெரியாது, விட்டாலும் ஒன்றும் தெரியாது. நிறுத்தப்படுவதும் அதுதான்.

2002இல் வெளிவந்த ‘அஃபர்ம்’ ஆய்வு 4,060 பேரை இரண்டாகப் பிரித்தது. தாளத்தை நேராக்கப் பாடுபட்ட தரப்பில் 356 மரணம். தாளம் போனால் போகட்டும், வேகம் குறைந்தால் போதும் என்று விட்ட தரப்பில் 310. பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் உறைவைத் தடுக்கும் வார்ஃபரினை நிறுத்தியவர்கள், அல்லது அது போதாத அளவில் ஓடிக்கொண்டிருந்தவர்கள். ‘துடிப்புதான் சரியாகிவிட்டதே’ என்று பிளட் தின்னரை நிறுத்துவதன் விலை அங்கே எழுதியிருக்கிறது. நேர்மையாக எதிர்ப்பக்கத்தையும் எழுதிவிடுகிறேன். 2020இல் ‘ஈஸ்ட்’ என்ற ஆய்வு 2,789 பேரிடம், நோய் தெரிந்த முதல் ஆண்டிலேயே தாளத்தைச் சீர்செய்யத் தொடங்கினால் பெரிய பாதிப்புகள் நூறு பேருக்கு வருடம் 5.0இலிருந்து 3.9ஆகக் குறைவதைக் காட்டியது. இரண்டு தரப்பிலும் கிட்டத்தட்ட எல்லோரும் உறைவுத் தடுப்பு மாத்திரையில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

வேகம் எவ்வளவு குறைய வேண்டும் என்பதில் நம்மவர்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு: 72க்கு வந்தே தீர வேண்டும். 2010இல் நெதர்லாந்தில் 614 பேரிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். உட்கார்ந்திருக்கும்போது 110க்குக் கீழே இருந்தால் போதும் என்று ஒரு தரப்பு. 80க்குக் கீழே கொண்டுவந்தே ஆக வேண்டும் என்று ஒரு தரப்பு. பாதிப்பு முதல் தரப்பில் 12.9 சதவீதம், இரண்டாவதில் 14.9. அளவைச் சரிசெய்ய ஆஸ்பத்திரிக்கு நடந்த நடை: முதல் தரப்பு மொத்தமும் சேர்ந்து 75, இரண்டாம் தரப்பு 684. கைக்கடிகாரம் 88 காட்டுகிறது என்று தானாகவே மெட்டோபிரோலால் அரை மாத்திரை கூட்டிப் போடுகிறவருக்கு இந்த இரண்டு எண்களையும் படித்துக் காட்டலாம்.

சரி, பக்கவாதத்தைத் தடுக்க ஆஸ்பிரின் போதாதா? விலை குறைவு, பழக்கமான மாத்திரை. 2011இல் வார்ஃபரின் ஒத்துவராத 5,599 பேரிடம் உறைவைத் தடுக்கும் புதிய மாத்திரையான அபிக்ஸபானையும் ஆஸ்பிரினையும் ஒப்பிட்டார்கள். ஆண்டுக்குப் பக்கவாதம் அல்லது வேறு உறுப்பில் உறைவு அடைப்பு ஆஸ்பிரினில் நூற்றுக்கு 3.7, அபிக்ஸபானில் 1.6. ‘ஆஸ்பிரின் மென்மையானது’ என்ற நம்பிக்கைக்கு அடி விழுந்த இடம் ரத்தக்கசிவுப் பத்தி: பெரிய கசிவு ஆஸ்பிரினில் 39 பேருக்கு, அபிக்ஸபானில் 44 பேருக்கு. இவ்வளவு சின்ன வித்தியாசத்துக்காகப் பக்கவாதத்தை இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றிக்கொள்வது நட்டக் கணக்கு.

பழைய மாத்திரை, புதிய மாத்திரை

வார்ஃபரின் பிறந்தது மாட்டுத் தொழுவத்தில். 1930களில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் கெட்டுப்போன தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் கொட்டிச் செத்தன. கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளர் காரணப் பொருளைப் பிரித்தெடுத்தார். அதன் வழியில் வந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்து, 1954இல் மனிதருக்கு அனுமதி பெற்றது. எலி மருந்தா என்று முகம் சுளிக்க வேண்டாம்; எல்லாம் அளவில்தான் இருக்கிறது. ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைச் சொல்லும் அந்த அளவுகோலின் பெயர் ஐஎன்ஆர். வால்வு சிக்கல் இல்லாதவருக்கு 2 முதல் 3. இரண்டுக்குக் கீழே போனால் உறைவு, நான்கைத் தாண்டினால் கசிவு.

இந்தக் குறுகிய சந்தில் நடப்பது எவ்வளவு சிரமம் என்பதற்கு ஓர் எண். 2007 முதல் 2009 வரை அமெரிக்காவில் 65 வயது கடந்தவர்கள் மருந்தின் பாதிப்பால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தது ஆண்டுக்கு ஏறத்தாழ 99,600 தடவை. அதில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 33,000, வார்ஃபரின் ஒன்றால் மட்டும். இன்சுலின் 14 சதவீதத்தோடு இரண்டாம் இடம். மொத்தச் சேர்க்கையில் மூன்றில் இரண்டு பங்கு, தெரியாமல் அளவு கூடிப்போனதால் வந்தவை.

நம் ஊரில் கூடுதலாக ஒரு குழப்பம். வார்ஃபரினோடு அசெனோகூமரால் என்ற உடன்பிறப்பும் இங்கே தாராளமாக எழுதப்படுகிறது. இரண்டுக்கும் ஒரே வேலை, ஒரே ஐஎன்ஆர். ஆனால் அசெனோகூமரால் 1 மி.கி. என்பது தோராயமாக வார்ஃபரின் 2 மி.கி.க்குச் சமம். ஒரு டாக்டர் ஒன்றையும் இன்னொருவர் மற்றொன்றையும் எழுத, பிராண்டுப் பெயர் வேறு என்பதால் இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளும் வாய்ப்பு இருக்கிறது. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படிக்க வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

கீரை பற்றி ஒரு வரி. நூறு கிராம் பாலக்கில் சுமார் 480 மைக்ரோகிராம் வைட்டமின் கே. ஒரு நாளைய தேவையே 90 முதல் 120தான். அதற்காகக் கீரையை ஒழிக்கச் சொல்வது தவறு. வாரம் மூன்று நாள் சாப்பிடுகிறவர் எல்லா வாரமும் மூன்று நாள் சாப்பிட்டால், டாக்டர் மாத்திரையை அதற்கேற்ப வைத்துவிடுவார். ஒரு மாதம் விட்டு, அடுத்த மாதம் தினம் பொரியல் என்றால்தான் ஐஎன்ஆர் ஆடும்.

பிற்பாடு வந்த புதிய மாத்திரைகளுக்கு ஐஎன்ஆர் தேவையில்லை. ஆய்வுகளிலும் அவை நன்றாகவே தேறின. 18,201 பேர் கொண்ட ‘அரிஸ்டாட்டில்’ ஆய்வில் அபிக்ஸபான், வார்ஃபரினைவிடப் பக்கவாதத்தையும் மற்ற உறைவு அடைப்பையும் ஆண்டுக்கு 1.60இலிருந்து 1.27 சதவீதமாகவும், பெரிய கசிவை 3.09இலிருந்து 2.13 ஆகவும் இறக்கியது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் இவ்வகை மருந்தை அத்தியாவசியப் பட்டியலில் சேர்த்தது. இந்தியா 2022 பட்டியலில் டாபிகாட்ரானைச் சேர்த்தது.

விலைக்கு வருவோம். அமெரிக்காவில் அபிக்ஸபானுக்கு 2023இல் ஒரு மாதப் பட்டியல் விலை 521 டாலர். அரசு பேரம் பேசி 2026 ஜனவரி முதல் முதியோர் காப்பீட்டுக்கு 231 டாலராக இறக்கியது. நமக்கு அந்த விலை கிடையாது, பல நிறுவனங்கள் போட்டி போட்டுத் தயாரிக்கின்றன. ஆனால் ‘வார்ஃபரின் மலிவு’ என்று மாத்திரையின் விலையை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஒரு பேச்சுக்கு, புதிய மாத்திரை ஒன்று 10 ரூபாய் என்று வைப்போம். நாளுக்கு இரண்டு, வருடத்துக்கு 730 மாத்திரை, 7,300 ரூபாய். வார்ஃபரின் மாத்திரைச் செலவைப் பூஜ்யம் என்றே விட்டுவிட்டு, நான்கு வாரத்துக்கு ஒரு ஐஎன்ஆர் என்று கணக்கிட்டால் வருடத்துக்கு 13 நடை. பரிசோதனை 300, பஸ்ஸும் போன நாள் கூலியும் 500 என்றால் 10,400 ரூபாய். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே கூட்டிப் பாருங்கள். ஆஸ்பத்திரி தெருமுனையிலேயே இருந்து பரிசோதனை இலவசம் என்றால் விடை தலைகீழாகும்.

ஆனால் விலை பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாத ஒரு கூட்டம் உண்டு; இந்தியாவில் அந்தக் கூட்டம் பெரியது. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர் கணேசன் கார்த்திகேயனும் கனடாவின் ஸ்டூவர்ட் கொனோலியும் முன்னின்று நடத்திய ‘இன்விக்டஸ்’ ஆய்வு 2022இல் வெளிவந்தது. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவின் 24 நாடுகளிலிருந்து 4,531 பேர்; சராசரி வயது 50.5, நூற்றுக்கு 72 பேர் பெண்கள். புதிய ரிவரோக்ஸபான் தரப்பில் 552 மரணம், பழைய வார்ஃபரின் வகைத் தரப்பில் 442. அதுவும் பழைய தரப்பில் ஐஎன்ஆர் சரியாக இருந்தவர்கள் தொடக்கத்தில் மூன்றில் ஒருவர்தான், போகப்போகத்தான் 56 முதல் 65 சதவீதமானது. அப்படி அரைகுறையாக ஓடிய மலிவு மாத்திரையே ஜெயித்தது. உலோக வால்வு வைத்தவர்களுக்கு டாபிகாட்ரான் கொடுத்துப் பார்த்த 252 பேர் ஆய்வும் பாதியில் நின்றது: பக்கவாதம் 9 பேருக்கு, வார்ஃபரின் தரப்பில் ஒருவருக்கும் இல்லை. ‘ஐஎன்ஆர் தொல்லை இல்லாத மாத்திரை எழுதிக் கொடுங்கள் டாக்டர்’ என்று கேட்பதற்கு முன்பு, தன் வால்வின் கதை என்ன என்று எக்கோ அறிக்கையில் பார்த்துக்கொள்வது நல்லது.

கிரியேட்டினின் 1.1 என்றால் நார்மலா?

இந்தப் பேரேட்டில் அதிகம் தவறு நடக்கும் பக்கம் இதுதான். லேப் அறிக்கையில் 1.1 என்று வந்து, பக்கத்தில் தடித்த எழுத்து இல்லையென்றால் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று மடித்து வைத்துவிடுகிறோம். மருந்தின் அளவை முடிவு செய்ய 1976இல் காக்ராஃப்ட், கால்ட் இருவரும் தந்த சூத்திரம் வேறு: 140இலிருந்து வயதைக் கழி, எடையால் பெருக்கு, கிரியேட்டினினை 72ஆல் பெருக்கி வந்ததால் வகு, பெண் என்றால் 0.85ஆல் பெருக்கு.

முப்பத்தைந்து வயது, 75 கிலோ, ஆண், கிரியேட்டினின் 1.1: விடை 99. எழுபத்தெட்டு வயது, 48 கிலோ, பெண், அதே 1.1: விடை 32. லேப் தாள் இருவருக்கும் ஒரே எண்ணைத்தான் அச்சடித்தது. மருந்தை வெளியேற்றுவதில் பாட்டியின் சிறுநீரகத்துக்கு மூன்றில் ஒரு பங்கு சக்திதான்.

அந்தப் பாட்டிக்கு ரிவரோக்ஸபான் என்றால் 20 மி.கி. அல்ல, 15. டாபிகாட்ரானில் 80 சதவீதம் சிறுநீரகம் வழியாகவே போவதால் டாக்டர் யோசிப்பார். அபிக்ஸபான் என்றால் விதி வேறு: வயது 80 அல்லது மேல், எடை 60 கிலோ அல்லது கீழ், கிரியேட்டினின் 1.5 அல்லது மேல், இந்த மூன்றில் இரண்டு இருந்தால்தான் 5 மி.கி. 2.5 ஆகும். பாட்டிக்கு எடை ஒன்றுதான் பொருந்துகிறது. ஆகவே 78 வயதில் 5 மி.கி. இருவேளை, 80 ஆனதும் 2.5 இருவேளை. ‘வயசான உடம்பு, பாதி போதும்’ என்று பயந்து குறைப்பதும் பிழைதான். கசிவுப் பயத்தில் பக்கவாதத்தை வாங்குவது. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரகத்தைப் பார்ப்பது? வந்த விடையைப் பத்தால் வகுத்தால் மாதம் என்பது ஐரோப்பிய இதயத் துடிப்பு சங்கத்தின் எளிய வழி. 32க்கு மூன்று மாதம்.

வேகத்தைக் குறைக்கும் பழைய மாத்திரையான டிகாக்ஸினுக்கும் இதே சிறுநீரகம்தான் வாசல். ஃபாக்ஸ்குளோவ் என்ற செடியின் இலையைப் பற்றி வில்லியம் விதரிங் இங்கிலாந்தில் புத்தகம் எழுதியது 1785இல். இன்றும் பழைய நோயாளிகள் பலர் அந்த வம்சத்து மாத்திரையைத்தான் போடுகிறார்கள். மாத்திரை 0.25 மி.கி., அதாவது 250 மைக்ரோகிராம். ‘சனி ஞாயிறு லீவு’ என்று எழுதிக் கொடுப்பது நம் நாட்டு வழக்கம். வாரம் ஐந்து மாத்திரை, 1.25 மி.கி.; ஏழு நாளுக்குப் பகிர்ந்தால் நாளுக்கு 0.18. தினமும் 0.125 என்றால் வாரம் 0.875, முப்பது சதவீதம் குறைவு. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு இதன் அரை ஆயுள் 36 முதல் 48 மணி நேரம். வெள்ளி காலை போட்டவருக்குத் திங்கள் காலை மிச்சம் 25 முதல் 35 சதவீதம். சிறுநீரகம் படுத்துப்போய் அரை ஆயுள் நான்கு நாளானவருக்கு அதே திங்களன்று 59 சதவீதம் மிச்சமிருக்கும், அதன்மேல் இன்னொரு மாத்திரை ஏறும். லீவு விட்டதால் பாதுகாப்பு என்று நினைப்பது அவர் விஷயத்தில் பலிக்காது. ரத்தத்தில் இருக்க வேண்டியது மில்லி லிட்டருக்கு 0.5 முதல் 0.9 நானோகிராம், 1.2ஐத் தாண்டிய ஆண்களிடம் மரணம் அதிகம் என்று 2003இல் காட்டினார்கள். சாப்பாடு பிடிக்காமல் போவது, குமட்டல், பார்வையில் மஞ்சள் தட்டுவது ஆகியவை அளவு கூடியதற்கான அடையாளம். ‘வயசாச்சு, பசி எடுக்கலை’ என்று விட்டுவிடக் கூடாத பசியின்மை இது.

பொங்கலுக்கு நிறுத்தினால் தீபாவளி வரை

தாளத்தை நேராக்கும் மாத்திரைகளில் அமியோடரோன் வலிமையானது, அதன் கணக்கும் விசித்திரமானது. 1961இல் பெல்ஜியத்தில் நெஞ்சுவலிக்காக உருவாக்கினார்கள். பிஜியில் பிறந்த பிரமா சிங் 1970இல் ஆக்ஸ்ஃபோர்டில் அதன் துடிப்பு வேலையை ஆராய்ந்து காட்டினார். 200 மி.கி. மாத்திரையில் 75 மி.கி. அயோடின் இருக்கிறது. உடம்பில் அவிழ்வது நாளுக்குச் சுமார் 6 மி.கி.; நம் தேவை 150 மைக்ரோகிராம். அதாவது நாற்பது நாள் அயோடின் ஒரே நாளில். தைராய்டு கூடுவதும் குறைவதும் இதனால்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டு, கல்லீரல் பரிசோதனை. வருடத்துக்கு ஒரு நெஞ்சு எக்ஸ்-ரே. புதிதாக வறட்டு இருமலோ மூச்சிரைப்போ வந்தால் இருமல் சிரப் வாங்காமல் டாக்டரிடம் ஓட வேண்டும், நுரையீரலைத் தாக்கக்கூடிய மருந்து இது.

தொடக்கத்தில் அதிகம் கொடுத்துப் பிறகு குறைப்பார்கள். வழக்கமான ஒரு சீட்டின் முதல் மாதம் இது:

முதல் வாரம், 1-1-1: 21 மாத்திரை
இரண்டாம் வாரம், 1-0-1: 14 மாத்திரை
மிச்சம் 16 நாள், 1-0-0: 16 மாத்திரை
மொத்தம் 51 மாத்திரை, 10.2 கிராம்

சீட்டின் முதல் வரியை மட்டும் படித்து, தீர்ந்ததும் கடையில் காலி அட்டையைக் காட்டி அப்படியே தொடர்ந்தால்? 90 மாத்திரை, 18 கிராம். இது கொழுப்பில் போய்த் தங்குகிற மருந்து. சராசரி அரை ஆயுள் 58 நாள். ஆளுக்கு ஆள் 15 முதல் 142 வரை மாறும். பொங்கலன்று நிறுத்தியவர் உடம்பில் மார்ச் நடுவில் பாதி, மே மாதம் கால், தீபாவளி நெருங்கும்போதுதான் 3 சதவீதம். ‘அதைத்தான் நிறுத்தி மூன்று மாசம் ஆச்சே’ என்று புதிய டாக்டரிடம் சொல்லாமல் விடுவது எவ்வளவு தவறு என்பது இப்போது தெரியும்.

சொல்லாவிட்டால் என்ன ஆகும்? அமியோடரோன் சேர்ந்ததும் டிகாக்ஸின் ரத்தத்தில் 70 சதவீதம் வரை ஏறும். பாதியாகக் குறைக்க வேண்டும். வார்ஃபரினை 30 முதல் 50 சதவீதம் இறக்க வேண்டிவரும். சிம்வாஸ்டாட்டின் 20 மி.கி.யைத் தாண்டக் கூடாது. அசித்ரோமைசினும், ‘கேஸ் மாத்திரை’ என்று நாம் மிட்டாய்போல் வாங்கும் கேப்சூலுக்குள் இருக்கும் டொம்பெரிடோனும், ஈசிஜியில் அமியோடரோன் நீட்டும் அதே இடைவெளியை நீட்டுபவை. அந்த இடைவெளி 500 மில்லி நொடியைத் தாண்டினால் ஆபத்தான துடிப்பு கிளம்பலாம். ஐரோப்பிய மருந்து முகமை 2014இல் டொம்பெரிடோனை நாளுக்கு 30 மி.கி., அதிகபட்சம் ஒரு வாரம் என்று கட்டுப்படுத்தியது. நம் வீடுகளில் அதே கேப்சூல் வருடக்கணக்கில் ஓடுகிறது.

கடையில் கேட்டதும் கிடைக்கும் டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் பிளட் தின்னரோடு சேர்ந்தால் கசிவு ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகும். நாட்டு மருந்தும் கணக்குக்கு வெளியே அல்ல. அதிமதுரத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் பொட்டாசியம் இறங்கும்; நீர் பிரியும் மாத்திரையும் அதையே செய்யும்; 3.5க்குக் கீழே இறங்கிய பொட்டாசியத்தில் சாதாரண அளவு டிகாக்ஸினே விஷமாகும். இருமலுக்கு அதிமதுரம் சாப்பிடுகிறேன் என்பதை டாக்டரிடம் சொல்ல வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு வேளை மறந்துபோனால் என்ன செய்வது என்பதற்கும் எண் உண்டு. அபிக்ஸபான்: நினைவு வந்ததும் அன்றே போடலாம், இரட்டிப்பாகப் போடக் கூடாது. டாபிகாட்ரான்: அடுத்த வேளைக்கு ஆறு மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் விட்டுவிட வேண்டும். அந்தக் கேப்சூலைப் பிரித்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் உடம்பில் சேர்வது 75 சதவீதம் கூடிவிடும், செய்யாதீர்கள். ரிவரோக்ஸபான் 20 மி.கி.யை வெறும் வயிற்றில் போட்டால் மூன்றில் இரண்டு பங்குதான் சேரும். இரவுச் சாப்பாட்டோடு போட வேண்டும். இருவேளை மாத்திரைக்குப் பத்து உள்ள அட்டை ஐந்து நாளில் தீரும். திருவிழா, கல்யாணம் என்று ஊருக்குக் கிளம்பும்போது அட்டையை எண்ணாமல் போகிறவர்கள் அதிகம். இந்தப் புதிய மாத்திரைகளின் அரை ஆயுள் அரை நாள் அளவுதான். இரண்டு நாள் விட்டால் பாதுகாப்பு அனேகமாகக் காலி. பல் பிடுங்கவோ ஆபரேஷனுக்கோ நிறுத்த வேண்டுமானால் எத்தனை நாள் என்பதை எழுதிக் கொடுத்த டாக்டரே சொல்லட்டும்.

மயங்கி விழுந்தால், முகம் கோணினால், ஒரு கை தூக்க வராமல் போனால், கறுப்பாக மலம் போனால், தலையில் அடிபட்டால் காத்திருக்க வேண்டாம்: தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், கடைசி ஐஎன்ஆர் அல்லது கிரியேட்டினின் தாளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பக்கவாதத்துக்கு உறைவைக் கரைக்கும் ஊசி போட இருக்கும் அவகாசம் நாலரை மணி நேரம்தான். போடலாமா கூடாதா என்று முடிவு செய்ய, கடைசி பிளட் தின்னர் மாத்திரை எந்த நாள், எத்தனை மணிக்குப் போட்டது என்று அங்கே கேட்பார்கள்.